சந்தையில் உட்கார நமக்கும் ஓர் இடம் வேண்டும்

சிங்கப்பூருக்குப் போய்வரும் நம் தோட்டப்புற மக்களிடம், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். வீரமாகாளியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை, முஸ்தபாவில் ஒரு சுற்று, தேக்காவில் ஒரு சாப்பாடு, அப்புறம் இருட்டுவதற்குள் பாலம் தாண்டி ஜொகூரில் பஸ் பிடிக்கிற அவசரம். "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எதைத் தொட்டாலும் வெலை!" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வெலை இருக்கத்தான் செய்யும். 1973 மே மாதம் வரை நம் வெள்ளியும் அவர்கள் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சரிசமமாகக் கைமாறின. இன்று அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நாம் மூன்று வெள்ளிக்கு மேல் எண்ணிக் கொடுக்கிறோம். அதைப் பேசிப் பயனில்லை. நமக்குள்ள வருத்தமெல்லாம், விலையைப் பார்த்துவிட்டு வந்த நம்மவர்கள் விற்றவரைப் பார்க்காமல் வந்துவிட்டார்களே என்பதுதான்.

தோட்டத்துக்கும் சிங்கப்பூர்ச் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சொல்லுகிறோம். பால்மரம் போய் செம்பனை வந்தது. செம்பனையிலும் குலை வெட்ட வெளிநாட்டார் வந்தார்கள். பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டுவிட்டன. வேலையில் இருக்கும்வரைதான் லயத்து வீடு நமது. அறுபது வயதில் பேர் வெட்டியபிறகு, சேமநிதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஊரில் எந்தக் குடிசைக்குப் போவது என்று விழிக்கிற குடும்பங்கள் எத்தனை! அப்படி வெளியே வருகிறவர்களுக்கு அடுத்த சம்பாத்தியம் என்ன? பையன்கள் ஃபேக்டரிக்குப் போவார்கள், லோரி ஓட்டுவார்கள். அம்மாவும் அப்பாவும்? அவர்கள் கையில் இருக்கிற தொழிலை எங்கே வைத்து விற்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நாம் ஜாலான் புசார் பக்கம் போகிறோம்.

ஜாலான் புசார் என்றால் மலாயில் பெரிய ரோடு. பெயருக்கேற்ற பெருமை அதற்குத் தொடக்கத்தில் இல்லை. சதுப்பு நிலமும் நிப்பா பனையும் பாக்கு மரங்களும் இருந்த இடத்தில் 1880களில் போட்ட ரோடு அது. ஒரு பக்கம் போனால் ரோச்சோர் ஆறு. மறுபக்கம் சையது ஆல்வி ரோட்டில் நடந்தால் கொஞ்ச நேரத்தில் சிராங்கூன் ரோடு. சுற்றுவட்டாரத்தை நம்மவர்கள் அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். மாட்டுக் கொட்டில்கள் நிறைந்த பக்கம் என்பதால் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்றும் பேர். எருமை போய் எத்தனையோ காலம் ஆகிறது, பேர் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறது! நாம் காலமெல்லாம் வெட்டிய கித்தா மரத்துக்கும் சிங்கப்பூர்தான் வாசல். 1877இல் 22 கன்றுகள் அங்கே வந்து இறங்கின. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற முறையை ரிட்லி துரை செய்து பார்த்ததும் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில்தான். ஆகவே அந்த ஊரை அந்நியமாக நினைக்க நமக்குக் காரணமில்லை.

அந்த ஜாலான் புசாரை ஒட்டி, சுங்கை ரோட்டில், ஒரு சந்தை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். 1930களில் தொடங்கியது. சுங்கை ரோடு, வெல்ட் ரோடு, பிட் ஸ்திரீட், பசார் லேன் என்று நாலு தெருவிலும் கீழே தார்ப்பாயை விரித்து, அதன்மேல் பழைய சாமான்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். பழைய சப்பாத்து, கைக்கடிகாரம், ரேடியோ, இசைத்தட்டு, நாணயம், சுத்தியல், ஸ்பானர், விளக்கு என்று என்னதான் இல்லை! ஜப்பான்காரன் காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காக வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து விற்ற சனங்கள் உண்டு. வெள்ளைக்கார இராணுவத்து முகாமிலிருந்து கைமாறி வந்த சாமான்களும் உண்டு. அதனால்தான் திருட்டுச் சந்தை என்று பேர் வந்தது. நேற்று உங்கள் சாமான் காணாமல் போனால் இன்றைக்கு அங்கே போய்ப் பாருங்கள், விலை பேசி வாங்கிக்கொள்ளலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இந்தத் திருட்டுச் சந்தை என்ற பெயர் நமக்குப் பிடிப்பதில்லை. பெயரைச் சொல்லிச் சொல்லியே அங்கே நாணயமாகப் பிழைத்த மனிதர்களையும் சேர்த்துக் கறுப்படித்துவிட்டார்கள். நாம் அங்கே பார்த்தவர்களில் பெரும்பாலோர் வயதான சீனர்கள். பிறர் வேண்டாமென்று வீசிய பொருளைப் பொறுக்கிவந்து, துடைத்து, திருகாணி மாற்றி, ஓட வைத்து விற்றவர்கள். நின்றுபோன கடிகாரத்தைக் கண்ணில் ஒரு கண்ணாடிக் குமிழைச் சொருகிக்கொண்டு, ஊசிபோன்ற கருவியால் ஓடச்செய்கிற கையைத் திருடன் கை என்று எப்படிச் சொல்வது? வாங்கியவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் ஏராளம். கட்டடத்தில் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒரு பழைய ஃபோன், ஒரு காற்சட்டை, ஊருக்கு அனுப்ப ஒரு டோர்ச்லைட் என்று வாங்கிப் போவார்கள். கடையில் புதுசு வாங்க அவர்கள் சம்பளம் இடங்கொடுக்காது.

அங்கே வாடகை இல்லை என்பதுதான் முக்கியம். காலையில் வந்தாய், விரித்தாய், விற்றாய், மாலையில் சுருட்டினாய், அவ்வளவுதான். முதலில்லாதவன் முதலாளி ஆகக்கூடிய ஒரே இடம் அதுதான். மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பேர் 'ராபின்சன் பெத்தாங்'. சாயங்கால ராபின்சன் என்று பொருள். வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களும் சாமான் வாங்கிய ராபின்சன் கம்பெனி ஒரு பக்கம், ஏழைக்கு மாலை வேளையில் கூடுகிற ராபின்சன் இன்னொரு பக்கம்!

2011இல் ரயில் நிலையம் கட்டுகிற வேலைக்காக அந்தச் சந்தையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். 2017 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு ஜூலை 10ஆம் தேதியோடு சந்தை முடிந்தது. கடைசியில் சுமார் 200 பேர் அங்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் ஜாலான் புசார் ரயில் நிலையம் திறந்தது. இடம் வருங்கால வீடமைப்புக்கு என்றார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1858இல் தொடங்கிய அந்தப் பெரிய ராபின்சனும் சிங்கப்பூரில் கடையைச் சாத்தப்போவதாக அறிவித்தது. பெரியவர் வீழ்ந்தபோது பத்திரிகைகளெல்லாம் பக்கம் பக்கமாக அழுதன. போகட்டும்.

சிங்கப்பூர் அரசாங்கம் வியாபாரிகளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம், அது நியாயமாகாது. 1968-69இல் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து, சுமார் 18,000 பேரை, 1971 தொடங்கி 1986 வரைக்கும், தண்ணீரும் கூரையும் கழிவு வாய்க்காலும் உள்ள அங்காடிகளுக்கு மாற்றினார்கள். மழையில் நனைந்து, அதிகாரியைக் கண்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிய மனிதனுக்கு ஒரு முகவரி கிடைத்தது. ஜாலான் புசாரில் இருக்கிற பெர்சே உணவங்காடியில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்தால் அந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். அந்த அங்காடிக் கலாசாரத்துக்கு 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. அடுப்பு வைத்துச் சமைத்தவருக்குக் கிடைத்த மரியாதை, பழைய சாமானைப் பழுதுபார்த்து விற்றவருக்கு ஏன் கிடைக்கவில்லை? வாடகையில்லாமல் விரித்து உட்கார ஒரு திடலை அந்தப் பணக்கார நாடு ஒதுக்கியிருக்கலாம் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம். ஒதுங்கியவர்களில் சிலர் வேறு இடங்களில் வாடகைக்குப் போனார்கள். வயதானவர்கள் பலருக்கு அதற்குத் தெம்பும் இல்லை, முதலும் இல்லை.

சரி, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வருவோம். அங்கே நம்மவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தேக்கா என்பது சீனச் சொல். சின்ன மூங்கில்களின் அடிவாரம் என்று அர்த்தமாம். 1982இல் புதுக் கட்டடம் வந்தபோது அதை மாண்டரின் உச்சரிப்பில் 'சூசியாவ்' என்று எழுதிவிட்டார்கள். நம் கிழவிகளுக்கு அது வாயில் நுழைந்தால்தானே! சனங்கள் தேக்கா என்றுதான் சொன்னார்கள். 2000ஆம் ஆண்டில் அரசாங்கமே தேக்கா நிலையம் என்று திருத்திக்கொண்டது. கீழே ஈரச்சந்தை, பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகள், மேலே துணிக்கடையும் தையல்காரர்களும். முருங்கைக்காய் விற்கிற சீனர் நம் பேச்சைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறார், ஆட்டிறைச்சி விற்கிற தமிழர் மலாயில் விலை சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்த மொழியல்ல அது, பலகைக்கு முன்னால் நின்று படித்தது.

கட்டடத்துக்கு வெளியே பபலோ ரோட்டில், கேம்பெல் லேனில் பூக்கடைகளுக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். வாங்கவேண்டாம், பாருங்கள். மல்லிகை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. மொட்டாக இருக்கும்போதே கட்டியாகவேண்டும், விரிந்த பூ கைபட்டால் கன்றிப்போகும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரை விரலில் ஒரு சுழற்று, ஒரு இழு. கண் வாடிக்கையாளரைப் பார்க்கிறது, வாய் விலை சொல்கிறது, விரல் தன்பாட்டுக்கு ஓடுகிறது. கல்யாண மாலை என்றால் ரோசாவும் சம்பங்கியும் வைத்து, நடுவில் கனம் கூட்டி, தோளில் உட்காருகிற மாதிரி வளைவு விட்டுக் கட்டவேண்டும். அது தனி வித்தை. (முழம் என்று அளக்கிறார்களே, விற்பவர் கையில் ஒரு முழம், வாங்குகிற அக்கா கையில் முக்கால் முழம்தான் வருகிறது என்பது பழைய வழக்கு. அதை அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.)

இப்போது நம் லயத்தை நினைத்துப் பாருங்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயில் நிறையப் பூக்கட்டுகிற பெண்கள் நம் தோட்டங்களில் இல்லையா? கரகத்துக்குப் பூச்சுற்றுகிற கை, காவடிக்கு மயிலிறகு கட்டுகிற கை நம்மிடம் இல்லையா? மிளகாயும் மல்லியும் எத்தனைக்கு எத்தனை, சீரகம் எவ்வளவு வறுக்கவேண்டும் என்று தராசில்லாமல் சொல்லுகிற அம்மாக்கள் எத்தனை பேர்! தேக்கா வட்டாரத்தில் மசாலா அரைக்கிற ஆலைக்கு வீட்டுப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்து அரைத்து வாங்கிய காலம் உண்டு. அந்த ருசிக்காக இன்றும் பணம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் பெண்களோ அதையெல்லாம் 'வீட்டு வேலை' என்று சொல்லிச் சும்மா செய்கிறார்கள். நாமும் சும்மாவே தின்கிறோம்.

ஈப்போ புந்தோங்கில் பாருங்கள். கச்சான் பூத்தே வறுத்து, முறுக்குச் சுற்றி, குடும்பம் குடும்பமாகப் பிழைக்கிறார்கள். நாடு முழுக்க அந்தப் பேர் தெரிகிறது. அவர்களும் நம்மைப்போல் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள்தாம். முறுக்கு நம் வீட்டிலும் சுடுகிறோம், தீபாவளிக்கு நாலு நாளைக்கு முன்னால் மட்டும்.

இங்கே நம்மவர்களிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லாமல் விடமுடியவில்லை. குளிரூட்டிய கடையில் ஒட்டியிருக்கிற விலையைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் பணத்தை நீட்டுகிறோம். கீழே உட்கார்ந்து கீரை விற்கிற பாட்டியிடம் "என்ன பாட்டி, அம்பது காசு கொறைக்கக் கூடாதா?" என்று மல்லுக்கு நிற்கிறோம். அந்த அம்பது காசில் நம் வீடு நிறைந்துவிடாது. அவளுக்கு அது பஸ் காசு. நாளைக்கு நம் அம்மா இதே மாதிரி உட்கார்ந்தால் வாங்குகிறவன் எப்படிப் பேசவேண்டும் என்று நினைத்துக்கொண்டு பேசுவோம்.

சம்பளத்தன்று நம் தோட்டத்து ஆபீசு முன்னால் கூடுகிற சந்தை ஞாபகம் இருக்கிறதா? துணிக்காரர், வளையல்காரர், கருவாட்டுக்காரர், வட்டிக்காரர் எல்லாரும் வருவார்கள். நாம் மட்டும் வாங்குகிற பக்கமே நின்றோம். ஒரு நாளாவது விற்கிற பக்கம் நின்றோமா? வீட்டுக்குப் பின்னால் நட்ட வெண்டியும் கத்தரியும் கறிவேப்பிலையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது போக மீந்தால், ஒரு ஆள் மோட்டார்சைக்கிளில் வந்து கொடுத்த காசைக் கொடுத்துவிட்டு அள்ளிப்போனான். அதே கறிவேப்பிலை டவுனில் என்ன விலைக்குப் போயிற்று என்று நாம் கேட்டதே இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் திறந்துவைத்தார். விளைவித்தவரே வந்து விற்கவேண்டும். அவருக்கு அடையாள அட்டை உண்டு. கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கொடுப்பார்கள். அன்றாட விலையைப் பலகையில் எழுதிவைப்பார்கள். மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே. விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம், நடுவில் இருந்தவருக்குத்தான் கோபம். 2001இல் ஆட்சி மாறியதும் அந்தச் சந்தைகள் கவனிப்பாரில்லாமல் வாடின, 2006க்குப் பிறகு மறுபடி உயிர்பெற்றன. ஏழையின் சந்தை அரசியலுக்குப் பயந்துதான் பிழைக்கவேண்டியிருக்கிறது, எந்த நாட்டிலும்.

நம் நாட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது, நம்மவர்கள்தான் எட்டிப் பார்ப்பதில்லை. 1965இல் அமைந்த ஃபாமா என்ற விவசாயச் சந்தை வாரியம், 1985 முதல் பாசார் தானி நடத்திவருகிறது. விளைவிக்கிறவரும் வீட்டில் செய்கிறவரும் நேரே விற்கிற காலைச் சந்தை. அங்கே ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் மலாய்க்கார அக்காமார் வீட்டில் செய்த பலகாரத்தையும் கொல்லையில் பறித்த கீரையையும் வைத்துக்கொண்டு கெட்டிக்காரத்தனமாக விற்கிறார்கள். அவர்களைப் பார்த்து நாம் பொறாமைப்படவேண்டியதில்லை, பக்கத்தில் போய் உட்காரவேண்டியதுதான். நமக்குக் கொடுக்கமாட்டார்கள் என்று கோப்பிக் கடையில் பேசுகிறவர்களிடம், எத்தனை முறை விண்ணப்பம் எழுதினீர்கள் என்று கேளுங்கள். எழுதிக் கேட்டு மறுத்தால் அப்போது சங்கத்திடம் போகலாம், சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம், இந்தப் பகுதிக்கும் எழுதலாம். எழுதாத விண்ணப்பத்துக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

காரியம் சுலபம் என்று ஏமாற்றமாட்டோம். வியாபாரத்தைப் பதிவுசெய்யவேண்டும். சாப்பாட்டுச் சாமான் விற்பதாக இருந்தால் டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டு, உணவு கையாளும் வகுப்புக்கும் ஒரு நாள் போகவேண்டும். தோட்டத்து நிலத்தில் நடுவதானால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், துரை மாறினால் வாக்கும் மாறும். ஒரு வீடு தனியாகச் செய்வதைவிட மூன்று வீடு சேர்ந்து ஒரு கடை போடுவது நல்லது. ஒருத்தி மசாலா, ஒருத்தி காய்கறி, பூக்கட்டத் தெரிந்தவள் பூ. ஆளுக்கொரு வாரம் உட்கார்ந்தால் பெரட்டுக்குப் போகிறவர் வேலையும் கெடாது. முதலுக்காக வட்டிக்காரனிடம் போகவே போகாதீர்கள். தெக்குன் நிதியில் இந்தியர்களுக்கென்று ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. அதையும் முதல் மாதமே வாங்கவேண்டாம், நாலு சந்தை பார்த்து, எது விற்கிறது எது மீறுகிறது என்று கணக்கு எழுதிய பிறகு யோசிக்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் கைவைத்து வியாபாரம் செய்ய யாராலும் முடியாது.

ஜொகூர் பக்கத்துத் தோட்டத்து இளைஞர்கள் சிலருக்கு, நம் காய்கறியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்றால் மூன்று மடங்கு ஆச்சே என்று ஆசை வரும். வரட்டும், ஆனால் உரிமமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு போய் வியாபாரம் செய்தால் அங்கே பிடித்து அபராதம் போடுவார்கள். அந்த வழி பெரிய கம்பெனிக்காரர்களுக்கு. நீங்கள் சிங்கப்பூருக்குப் போனால் வெறுங்கையோடு போங்கள். பூக்காரர் மிஞ்சின பூவை என்ன செய்கிறார், மசாலாக்காரர் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறார், காலை விலை எத்தனை மணிக்குக் குறைகிறது என்று கவனித்துவிட்டு வாருங்கள். கேட்டால் சொல்வார்கள். "அண்ணே, நாங்க எஸ்டேட்டுல இருந்து வர்றோம்" என்று சொல்லிப் பாருங்கள், அங்கே முக்கால்வாசிப் பேருக்கு இங்கே யாராவது ஒரு சொந்தம் இருக்கும்.

இடத்துக்கான விவரத்தை உங்கள் மாவட்டத்து ஃபாமா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். அடையாள அட்டை நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகவேண்டாம், தொழுகை நேரத்தில் கவுண்டர் சாத்தியிருக்கும். ஜொகூர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2025 சனவரியிலிருந்து அங்கே வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. பழைய நினைப்பில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறிப் போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் நிற்காதீர்கள்.